நிழலின் துல்லியம்: கருவிலிருக்கும் மூளையைக் காணக் கற்ற வரலாறு

மருத்துவக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் பட்டியலாகவே எழுதப்படுகிறது. இன்னார் இன்ன ஆண்டில் இன்னதைக் கண்டார் என்ற வரிசையில் கருப்பை ஸ்கேனுக்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் ஒரு கருவி எதைக் காட்டியது என்பதற்கு மட்டுமல்லாமல், அது காட்டியதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த இரண்டாவது வரலாறு அதிகம் பேசப்படுவதில்லை. அதை இக்கட்டுரையில் பின்தொடர்ந்து பார்க்க முயல்வோம்.

இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுவது கருவிலிருக்கும் சிசுவின் மூளையைப் பற்றிப் பேசும்போதுதான். எலும்பு முறிவில் எக்ஸ் கதிர்ப் படம் பிழையாகச் சொன்னால் மறுநாள் இன்னொரு படம் எடுத்துக்கொள்ளலாம். இங்கே அப்படியல்ல. இல்லாத குறையை இருப்பதாகச் சொன்னால் நலமாகப் பிறந்திருக்கவேண்டிய ஒரு குழந்தை பிறக்காமலே போகலாம். இருக்கும் குறையைக் காணத் தவறினால், எந்த முன்னேற்பாடும் இல்லாத ஒரு குடும்பத்தின் மடியில் அந்தச் சுமை திடீரென்று வந்து விழும். இரண்டு பிழைகளுக்கும் விலை உண்டு. அந்த விலையை மருத்துவர் கொடுப்பதில்லை என்பதையும் நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

கானலில் தொடங்கிய கதை

மீயொலியைக் கொண்டு மனித உடலின் உள்ளே பார்க்கலாம் என்று முதலில் எண்ணியவர்களில் ஒருவர் கார்ல் தியோ டுசிக் என்ற ஆஸ்திரிய நரம்பியல் மருத்துவர். அவர் பார்க்க விரும்பிய உறுப்பும் மூளைதான் என்பது இக்கதையின் முதல் வியப்பு. தலையின் ஒரு புறத்திலிருந்து ஒலியைச் செலுத்தி, மறுபுறத்தில் அது எவ்வளவு மங்கி வெளிவருகிறது என்று அளந்தார். மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உண்டு. திசுவைவிட நீர் ஒலியைக் குறைவாக விழுங்கும் என்பதால், அந்த அறைகளின் வடிவம் படத்தில் தெளிவாகத் தெரியும் என்பது அவருடைய கணக்கு. 1942-இல் தம் முறையை வெளியிட்டார். இயற்பியல் அறிந்த தம் சகோதரரின் துணையுடன் எடுத்த படங்களை 1940களின் இறுதிக்குள் மருத்துவ உலகின் முன் வைத்தார். படங்களில் அறைகள் தெரியத்தான் செய்தன.

ஆனால் 1952-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனையைச் செய்து பார்த்தார்கள். மூளையே இல்லாத வெற்று மண்டையோட்டில் நீரை நிரப்பி, அதே முறையில் படம் எடுத்தார்கள். ஏறக்குறைய அதே 'அறைகள்' அதிலும் தெரிந்தன. டுசிக் கண்டது மூளையை அல்ல. மண்டையோட்டு எலும்பு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருப்பதால் உண்டான ஒலியின் நிழலைத்தான் அவர் மூளை என்று நம்பியிருந்தார். அமெரிக்காவிலும் இதே முடிவுக்கு வந்தார்கள். அந்த முறை கைவிடப்பட்டது.

டுசிக்கை எள்ளுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் நேர்மையான முன்னோடி. மூளைக்கும் ஒலிக்கும் நடுவே மண்டையோடு என்ற ஒரு சுவர் நிற்கிறது, அந்தச் சுவர் தன் உருவத்தையே மூளையின் உருவமாகக் காட்டி ஏமாற்றவும் கூடும் என்ற பாடம் இத்துறையின் தொடக்கத்திலேயே கற்பிக்கப்பட்டுவிட்டது. பின்னர் வந்த எண்பது ஆண்டுகளில் கருவிகள் எவ்வளவோ மாறிய பிறகும் அந்தச் சுவர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

கொதிகலனும் கருப்பையும்

அடுத்து வந்தவர்கள் ஒலியை ஊடுருவச் செய்வதை விட்டுவிட்டு அதன் எதிரொலியைக் கேட்கத் தொடங்கினார்கள். ஸ்வீடனின் லண்ட் நகரில் லார்ஸ் லெக்செல் 1950களில், மூளையின் இரு பாதிகளுக்கும் நடுவே ஓடும் எல்லைக்கோட்டிலிருந்து வரும் எதிரொலியைப் பிடித்தார். இரத்தக்கட்டு ஒரு புறம் அழுத்தினால் அந்தக் கோடு மறுபுறம் விலகும். படமே இல்லை, திரையில் ஒரு கூர்முனை மட்டுமே. ஆனால் அது உண்மையான கூர்முனை.

இதே காலத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேற்றுப் பேராசிரியராக இருந்தவர் இயன் டொனால்ட். போர்க்காலத்தில் விமானப்படையில் பணியாற்றி, ராடார், சோனார் போன்றவற்றோடு பழகியவர். கொதிகலன் தயாரிக்கும் தொழிற்சாலைகளில் உலோகத்தின் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று மீயொலியால் சோதிப்பதுண்டு. 1955-ஆம் ஆண்டு ஜூலை மாதம், அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த அத்தகைய தொழிற்சாலை ஒன்றுக்கு அவர் போனார். ஒப்பிட்டுப் பார்க்க அங்கே ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டு தயாராக இருந்தது. நீர்க்கட்டி ஒரு விதமாகவும், கெட்டியான கட்டி வேறு விதமாகவும் எதிரொலித்தன. டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளரும் ஜான் மெக்விகார் என்ற மருத்துவரும் அவரோடு சேர்ந்தார்கள். மூவரும் எழுதிய கட்டுரை 1958-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் தேதி 'லான்செட்' இதழில் வெளிவந்தது. மகப்பேற்று ஸ்கேனின் பிறந்தநாள் என்று அதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

கருவில் முதலில் தெளிவாகக் கிடைத்த எதிரொலி தலையினுடையது. காரணம், டுசிக்கைத் தோற்கடித்த அதே எலும்பு. மூளையைப் பார்க்க விடாத மண்டையோடு, தலையின் அகலத்தை அளக்க மட்டும் தாராளமாக உதவியது. 1960களில் கிளாஸ்கோவில் ஜேம்ஸ் வில்லாக்ஸ் இந்த அளவையை வளர்த்தார். 1968-இல் ஸ்டூவர்ட் கேம்பெல் என்ற இளம் மருத்துவர் அதைச் செம்மைப்படுத்தினார். தலையின் நடுக்கோட்டை முதலில் படத்தில் பிடித்து, அதற்குச் செங்குத்தாக அளந்தால்தான் அளவு மெய்யானது என்றார் அவர். சிறிய திருத்தம்தான். ஆனால் எந்தத் தளத்தில் வெட்டிப் பார்க்கிறோம் என்பதே அனைத்தையும் தீர்மானிக்கிறது என்ற கருத்து இதில் அடங்கியிருக்கிறது. இன்றைக்கும் சிசுவின் மூளையை ஆராய்பவர்கள் குறிப்பிட்ட மூன்று தளங்களில் நின்றுதான் தங்கள் வேலையைத் தொடங்குகிறார்கள்.

1972: படம் ஒரு தீர்ப்பாகிறது

1972-ஆம் ஆண்டில் கேம்பெலும் அவர் குழுவினரும் 'லான்செட்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். 17 வாரக் கருவில் மண்டையோட்டின் மேற்பகுதியும் பெருமூளையும் உருவாகாமல் இருந்ததை ஸ்கேனில் கண்டறிந்தார்கள். அனென்செஃபலி என்று இதற்குப் பெயர். இக்குறையுடன் பிறக்கும் குழந்தை சில மணி நேரமோ சில நாட்களோதான் உயிரோடிருக்கும். அந்தக் கரு கலைக்கப்பட்டது. ஸ்கேன் படத்தில் கண்ட ஓர் உடற்குறையை வைத்து இவ்வளவு முன்கூட்டியே அப்படி ஒரு முடிவை எடுத்தது அதுவே முதல் தடவை.

துல்லியம் என்று பார்த்தால் இது ஐயத்துக்கு இடமில்லாத இடம். இருக்கவேண்டிய மண்டையோட்டு வளைவு இல்லை. இல்லாததைக் காண்பதில் ஒலி தவறுவது மிக அரிது. ஆனால் இந்த நிகழ்வோடு ஸ்கேனின் இயல்பே மாறிப்போயிற்று. அதுவரை அது அளவுகோலாக இருந்தது. இப்போது அது சாட்சியாகிவிட்டது. இயன் டொனால்ட் ஆழ்ந்த மதநம்பிக்கை உடையவர். 1967-இல் பிரிட்டனில் வந்த கருக்கலைப்புச் சட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தவர். கருவிலிருக்கும் உயிரின் அசைவைப் படமாகக் காட்டித் தாய்மார்களின் மனத்தைத் திருப்பலாம் என்றும் நம்பியவர். அவர் உருவாக்கிய கருவியே, அவரிடம் பயின்ற கேம்பெலின் கையில், இந்தத் திசையில் சென்றது. இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் முனையவில்லை. காணும் ஆற்றல் வந்த இடத்தில் முடிவெடுக்கும் பொறுப்பும் கூடவே வந்துவிடுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

எலுமிச்சையும் வாழைப்பழமும்

முதுகெலும்பு மூடாமல் தண்டுவடம் வெளியே தெரியும் ஸ்பைனா பிஃபிடா என்ற குறை 1970களின் பிரிட்டனில் பெரும் கவலையாக இருந்தது. 1972-இல் எடின்பரோவைச் சேர்ந்த பிராக், சட்கிளிஃப் இருவரும் இத்தகைய கருக்களில் பனிக்குட நீரில் ஒரு புரதம் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். பின்னர் தாயின் இரத்தத்திலேயே அதை அளக்க முடிந்தது. ஆனால் இரத்தத்தில் அளவு கூடினால், உறுதிசெய்ய வயிற்றில் ஊசி செலுத்திப் பனிக்குட நீரை எடுக்கவேண்டும். அந்த ஊசியால் நலமான கருவும் சிதைந்துபோக வாய்ப்புண்டு. முதுகெலும்பை நேரடியாக ஸ்கேனில் பார்க்கலாம் என்றால், அந்நாளைய படங்களில் முப்பதுக்கு மேற்பட்ட சின்னஞ்சிறு எலும்புகளில் எது திறந்திருக்கிறது என்று தேடுவது பெரும்பாடு.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1986-இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் கைப்ரோஸ் நிக்கோலைடிஸும் கேம்பெலும் அவர்களுடைய குழுவினரும், முதுகில் குறையுள்ள கருக்களின் தலைப் படங்களை எடுத்துவைத்துப் பார்த்தார்கள். நெற்றி எலும்புகள் இரு புறமும் உள்வாங்கி, தலையின் குறுக்குவெட்டு ஓர் எலுமிச்சம்பழம் போலிருந்தது. பின்புறம் சிறுமூளை, வாழைப்பழம் போல வளைந்து ஒடுங்கியிருந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். முதுகின் திறப்பு வழியாக மூளைநீர் கசிகிறது. தலைக்குள் அழுத்தம் குறைகிறது. பின்மூளை கீழ்நோக்கி இழுக்கப்பட்டு மண்டையோட்டின் அடியில் நெருக்குண்டுவிடுகிறது. முதுகில் இருக்கும் நோயைத் தலை சொல்லிவிட்டது.

பழங்களின் பெயரைத் தாங்கிய இந்த இரு அடையாளங்களும் சில ஆண்டுகளில் உலகெங்கும் பரவின. ஆனால் துல்லியம் என்பது என்ன என்று கற்பிக்கவும் இவையே நல்ல பாடம். எலுமிச்சை வடிவம், 24 வாரங்களுக்கு முன்னர் இக்குறையுள்ள ஏறக்குறைய எல்லாக் கருக்களிலும் காணப்படுகிறது. ஆகவே அது சிறந்த அடையாளம் என்று தோன்றும். ஆனால் நலமான கருக்களிலும் நூற்றுக்கு ஒன்றில் அது தென்படுகிறது. இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் கருக்களில் ஒன்றுக்கு இக்குறை இருப்பதாகக் கொள்வோம். அந்த ஒன்றில் எலுமிச்சை தெரியும். மீதமுள்ள 999-இல், நூற்றுக்கு ஒன்று வீதம், ஏறத்தாழ 10 கருக்களிலும் தெரியும். ஆக, எலுமிச்சை தெரிந்த 11 பெண்களில் ஒருவருக்குத்தான் உண்மையில் குறை. எஞ்சிய பத்துப் பேரும் காரணமில்லாமல் கலங்குவார்கள். வாழைப்பழத்தையும் சேர்த்துப் பார்த்து, முதுகெலும்பையும் தேடிப் பார்த்த பிறகே வாய் திறக்கவேண்டும் என்ற ஒழுக்கம் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். 1991-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு, முன்பு ஒருமுறை இத்தகைய குறையுள்ள கருவைச் சுமந்த பெண்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், அது திரும்ப வருவது 72 விழுக்காடு குறைகிறது என்று காட்டியது. எத்தனை நுட்பமான ஸ்கேனும் செய்ய முடியாததை ஒரு மலிவான மாத்திரை செய்தது.

பத்து மில்லிமீட்டர்

மூளைக்குறைகளில் பலவற்றுக்கும் பொதுவான முதல் அறிகுறி, மூளையின் நீரறைகள் விரிவடைவது. ஆனால் எவ்வளவு விரிந்தால் அது நோய்? 1988-இல் சான்பிரான்சிஸ்கோவில் ராய் ஃபில்லியும் அவருடைய சகாக்களும் நலமான நூறு கருக்களின் பக்கவாட்டு நீரறையை அளந்தார்கள். சராசரி 7.6 மில்லிமீட்டர். கரு வளர்ந்தாலும் இந்த அளவு பெரிதாக மாறுவதில்லை. ஆகவே 10 மில்லிமீட்டர் என்பதை எல்லையாக வைக்கலாம் என்றார்கள். எளிமையான, எங்கும் பயன்படுத்தக்கூடிய ஒரே எண். மகப்பேற்று ஸ்கேன் அறிக்கைகளில் இன்றும் அந்த எண் ஆட்சி செய்கிறது.

எல்லைக்கோடு இருந்தால் அதன் ஓரத்தில் நிற்பவர்களும் இருப்பார்கள். 9.8 என்றால் நலம், 10.2 என்றால் கவலை. அளவைக் குறிக்கும் புள்ளியை நீரறைச் சுவரின் உட்புறத்தில் வைப்பதா, நடுவில் வைப்பதா என்பதிலேயே இந்த வேறுபாடு வந்துவிடும். தளம் சற்றுச் சாய்ந்தாலும் அளவு கூடிவிடும். ஆண் கருக்களில் நீரறை இயல்பாகவே சற்று அகலமாக இருக்கும். வேறு எந்தக் குறையுமின்றி 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை மட்டும் விரிந்திருந்தால், அத்தகைய குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் இயல்பாகவே வளர்கிறார்கள் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. 15-ஐத் தாண்டினால் நிலைமை வேறு. ஆனால் அந்த முதல் எண்ணைக் கேட்ட பெண், 'நூற்றில் மிச்சமுள்ளோரில் என் குழந்தையும் ஒன்றோ' என்ற எண்ணத்தோடுதான் மீதி மாதங்களைக் கழிக்கவேண்டியிருக்கிறது.

மூளைக்குள் தெரியும் சிறு நீர்க்கொப்புளங்களின் கதை இதைவிடத் துயரமானது. மூளைநீரைச் சுரக்கும் கோராய்டு பின்னல் என்ற பகுதியில் இவை தோன்றும். 1984-இல் முதன்முதலில் விவரித்தவர்கள் இவற்றைத் தாமாக மறையும் கொப்புளங்கள் என்றுதான் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள், பதினெட்டாவது குரோமோசோம் மும்மடங்காகும் கொடிய நோயுள்ள கருக்களில் இவை அடிக்கடி தென்படுவதாகக் கண்டார்கள். அது உண்மையும்கூட. ஆனால் நலமான கருக்களிலும் நூற்றுக்கு ஒன்றிரண்டில் இவை தோன்றி மறைகின்றன. விளைவு, ஆயிரக்கணக்கான பெண்கள் அஞ்சினார்கள். பலர் ஊசிப் பரிசோதனைக்கு உட்பட்டார்கள். 2000-இல் ஃபில்லியே, கர்ப்பிணியை மிரளவைக்கச் சிறந்த வழி மகப்பேற்று ஸ்கேன்தான் என்ற பொருள்படும் தலைப்பில் மனம் நொந்து ஒரு தலையங்கம் எழுதினார். 2009-இல் இங்கிலாந்தின் அரசுப் பரிசோதனைத் திட்டம், வேறு குறைகள் இல்லாதபோது இக்கொப்புளங்களை அறிக்கையில் குறிப்பிடவே வேண்டாம் என்று முடிவெடுத்தது. கண்ணில் படுவதையெல்லாம் சொல்வதுதான் துல்லியம் என்ற எண்ணம் அங்கே கைவிடப்பட்டது.

எண்கள் பேசிய பொழுது

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஸ்கேன் செய்தால் எத்தனை குறைகள் பிடிபடும்? 1993-இல் அமெரிக்காவில் வெளியான ரேடியஸ் ஆய்வு 15,151 பெண்களை இரு பிரிவாக்கிப் பார்த்தது. எல்லோருக்கும் ஸ்கேன் செய்த பிரிவில்கூட, பிறப்பதற்கு முன் பிடிபட்டவை மொத்தக் குறைகளில் 35 விழுக்காடுதான். தேவைப்பட்டால் மட்டும் ஸ்கேன் என்ற பிரிவில் 11 விழுக்காடு. இது உடலின் எல்லா உறுப்புகளுக்குமான கணக்கு. 1999-இல் வெளிவந்த யூரோஃபீட்டஸ் ஆய்வு, 14 ஐரோப்பிய நாடுகளின் 61 மருத்துவமனைகளில், குறையுள்ளதாக உறுதியான 3,685 சிசுக்களை எடுத்துக்கொண்டது. அந்தச் சிசுக்களில் 61 விழுக்காட்டினரிடம் குறை பிறப்பதற்கு முன்பே பிடிபட்டிருந்தது. நரம்பு மண்டலக் குறைகளில் மட்டும் பார்த்தால் 88 விழுக்காடு.

ஒரே கருவி, இத்தனை வேறுபட்ட விடைகள். ரேடியஸ் ஆய்வுக்குள்ளேயே அதற்கான காரணம் இருந்தது. பெரிய சிறப்பு மையங்களில் குறைகள் பிடிபட்ட வீதம், பிற இடங்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆகவே 'ஸ்கேனின் துல்லியம்' என்று தனியாக ஒன்று கிடையாது. யார் கையில், எந்த வாரத்தில், எதைத் தேடி, எத்தனை நிமிடம் என்பதையெல்லாம் சேர்த்துத்தான் துல்லியம் என்கிறோம். யூரோஃபீட்டஸின் 88 விழுக்காட்டையும் கவனத்தோடு வாசிக்கவேண்டும். அனென்செஃபலி, ஸ்பைனா பிஃபிடா, பெரிதாக வீங்கிய நீரறைகள் போன்ற கண்ணுக்குப் புலப்படும் குறைகள் அந்தக் கணக்கை உயர்த்துகின்றன. நுண்ணிய குறைகளின் நிலை அதுவல்ல.

மூளையின் நாட்காட்டி

கை விரல்கள் எத்தனை என்று பன்னிரண்டாம் வாரத்திலேயே எண்ணிவிடலாம். இதயத்தின் அறைகளை இருபதாம் வாரத்தில் நிறைவாகவே பார்க்கலாம். மூளை அப்படியல்ல. அது பிறக்கும் நாள் வரை, ஏன், அதன் பிறகும் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கும் வீடு. இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலமான கார்பஸ் கலோசம் ஏறத்தாழ 18 முதல் 20 வாரங்களில்தான் முழு உருவம் பெறுகிறது. சிறுமூளையின் நடுப்பகுதி மூடுவதும் ஏறத்தாழ அதே காலத்தில். அதற்கு முன் பார்த்துவிட்டு 'இல்லை' என்றால், இன்னும் வராததை வராமலே போனதாகச் சொன்னதாகும். 1990களில் இந்தப் பிழை உணரப்பட்டு எச்சரிக்கப்பட்டது.

இதைவிட முக்கியமானது மூளையின் மடிப்புகள். இருபதாம் வாரத்தில் ஒவ்வொரு மனிதக் கருவின் மூளையும் கூழாங்கல்லைப் போல ஏறக்குறைய வழவழப்பாகத்தான் இருக்கும். மடிப்புகள் அதன் பிறகே ஒவ்வொன்றாக ஆழமாகின்றன. மடிப்புகளே உருவாகாத லிஸென்செஃபலி என்ற கொடிய குறை உண்டு. ஆனால் இருபதாம் வாரத்தில் நோயுள்ள மூளையும் நலமான மூளையும் ஒன்றுபோலவே தோன்றும். உலகின் தலைசிறந்த நிபுணர் பார்த்தாலும் அதைக் காண முடியாது, ஏனெனில் காண்பதற்கு இன்னும் ஒன்றும் இல்லை. 'ஐந்தாம் மாதமே ஸ்கேன் எடுத்தோமே, அப்போது ஏன் சொல்லவில்லை' என்ற பெற்றோரின் கேள்விக்கு, சில நேரங்களில் இதுதான் நேர்மையான விடை.

இத்தோடு பழைய சுவரும் சேர்ந்துகொள்கிறது. வயிற்றின் மேல் வைக்கும் கருவிக்கு அருகிலுள்ள மூளைப் பாதி, எலும்பிலிருந்து மீண்டும் மீண்டும் தெறிக்கும் எதிரொலிகளால் மங்கிப்போகும். தெளிவாகத் தெரிவது தொலைவிலுள்ள பாதிதான். இதைத் தாண்ட ஒரு வழி கண்டார்கள். நியூயார்க்கில் இலான் டைமர்-டிரிட்ஷ், அனா மாண்டியகுடோ போன்றவர்கள் 1990களில் கருவியைப் பிறப்புறுப்பு வழியாகச் செலுத்தி, சிசுவின் உச்சிக்குழியின் ஊடாகப் பார்க்கும் முறையை வளர்த்தார்கள். எலும்பு இன்னும் மூடாத அந்த மென்மையான இடம் சுவரில் திறந்த சாளரமாயிற்று. ஆனால் சிசு தலைகீழாக இருக்கவேண்டும், பார்ப்பவருக்குத் தனிப்பயிற்சி வேண்டும்.

இரண்டாவது சாட்சி

1983-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் கர்ப்பிணிகளுக்கு முதன்முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். சிசு அசைந்துகொண்டே இருப்பதால் படம் கலங்கியது. 1990களில் ஒரு நொடிக்குள் ஒரு படம் பிடிக்கும் வேக முறைகள் வந்த பிறகுதான் அது பயன்பாட்டுக்கு உரியதாயிற்று. எலும்பு இங்கே தடையில்லை.

இரண்டு சாட்சிகளையும் எதிரெதிரே நிறுத்திய பெரிய ஆய்வு, ஷெஃபீல்டின் பால் கிரிஃபித்ஸ் தலைமையில் பிரிட்டனின் 16 மையங்களில் நடந்த மெரிடியன் ஆய்வு. 2017-இல் 'லான்செட்' இதழில் அச்சானது. நிபுணர் செய்த ஸ்கேனில் மூளைக்குறை இருப்பதாகச் சொல்லப்பட்ட 570 கருக்களை எடுத்துக்கொண்டு, இறுதியில் உறுதியான நோயோடு ஒப்பிட்டார்கள். ஸ்கேன் மட்டும் சொன்னது 68 விழுக்காட்டில் சரியாக இருந்தது. எம்.ஆர்.ஐ.யும் சேர்ந்தபோது 93 விழுக்காடு. ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்குக் குழந்தையின் எதிர்காலம் குறித்துச் சொல்லப்பட்டதே மாறியது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்குச் சிகிச்சைத் திட்டம் மாறியது.

இந்த எண்களைக் கொண்டு 'ஸ்கேன் மூன்றில் ஒன்றைத் தவறாகச் சொல்கிறது' என்று செய்தி பரப்புவது எளிது. அது பிழையான வாசிப்பு. இந்த ஆய்வுக்குள் வந்தவர்கள் எல்லோரும் ஸ்கேனில் ஏற்கெனவே ஏதோ குறை கண்டவர்கள். நலம் என்று ஸ்கேன் சொன்ன இலட்சக்கணக்கானோரைப் பற்றி இந்த எண் ஒன்றும் பேசவில்லை. குறை உண்டா இல்லையா என்பதை மட்டுமல்லாமல், குறையின் பெயரும் முழுவதும் பொருந்துகிறதா என்பதையும் அது அளந்தது. எம்.ஆர்.ஐ. படத்தை வாசித்தவர்களின் மேசையில் ஸ்கேன் அறிக்கையும் இருந்தது. முதல் சாட்சி சொன்னதைக் கேட்டபின் பேசிய இரண்டாவது சாட்சி அவர்கள். உச்சிக்குழி வழியாக நுணுக்கமாகப் பார்க்கும் ஸ்கேனுக்கும் இந்த ஆய்வில் உரிய இடம் தரப்படவில்லை என்று அத்துறையினர் வாதிட்டார்கள். அவர்கள் வாதத்தில் பொருள் இருந்தது. நீரறை மட்டும் ஓரளவு விரிந்த கருக்களில், நுணுக்கமான ஸ்கேனுக்குப் பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. புதிதாகக் கண்ட குறைகள் நூற்றுக்கு ஐந்து அளவுதான் என்று பின்னர் வந்த பன்னாட்டு ஆய்வொன்று காட்டியது.

சட்டத்தின் கடிகாரம்

மூளைக்கு ஒரு நாட்காட்டி இருப்பதைப் போலச் சட்டத்துக்கும் ஒரு கடிகாரம் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போவதில்லை. இந்தியாவில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் கருக்கலைப்புக்கு 20 வாரங்களை எல்லையாக வைத்தது. மூளையின் பல குறைகள் தலைகாட்டத் தொடங்குவதே அதன் பிறகுதான். அரைகுறையாகத் தெரிந்த ஒன்றை வைத்து அவசர முடிவு எடு, அல்லது காத்திருந்து வழியை இழந்துவிடு என்ற நிலை அது. 2021-இல் வந்த திருத்தம், சில வகைப்பட்ட பெண்களுக்கு எல்லையை 24 வாரமாக்கியது. கருவில் கடுமையான குறை இருப்பதாக மருத்துவக் குழு உறுதிசெய்தால் கால எல்லை இல்லை என்றும் சொன்னது.

ஆனால் 'கடுமையான' என்பதை அளப்பது யார்? 2022 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் முன் 33 வாரக் கர்ப்பிணி ஒருவர் நின்றார். முந்தைய ஸ்கேன்களில் தெரியாத மூளைக்குறை ஏழாம் மாதத்துக்குப் பின் தெரிந்திருந்தது. மருத்துவக் குழு கருக்கலைப்பை ஏற்கவில்லை. குழந்தை எப்படி வாழும், ஊனம் எவ்வளவு இருக்கும் என்று மருத்துவர்களால் திட்டமாகச் சொல்லவும் முடியவில்லை. அந்த நிச்சயமின்மையையே முக்கியமாகக் கருதிய நீதிமன்றம், முடிவு தாயினுடையது என்று கூறி அனுமதி அளித்தது. படம் தெளிவாக இருந்தும் அதன் பொருள் தெளிவாக இல்லாத இடத்தில், யார் சுமையைத் தாங்கப்போகிறாரோ அவரிடமே சொல்லும் விடப்பட்டது.

மூன்று துல்லியங்கள்

இத்தனை தூரம் வந்தபின் ஒன்று தெளிவாகிறது. துல்லியம் என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று வேறு செயல்களைக் குறிக்கிறோம். குறை இருக்கிறது என்று காண்பது ஒன்று. அது இன்ன குறை என்று பெயரிடுவது இரண்டாவது. அதனால் இந்தக் குழந்தைக்கு இன்னது நேரும் என்று முன்னுரைப்பது மூன்றாவது. டுசிக்கின் கானலிலிருந்து இன்றைய திரை வரை முதலாவதில் நாம் கண்டிருக்கும் முன்னேற்றம் மிகப் பெரியது. இரண்டாவதில் இரண்டு சாட்சிகளும் சேர்ந்து பெருமளவு உதவுகிறார்கள். மூன்றாவதில்தான் தேக்கம். நரம்புப் பாலம் மட்டும் இல்லாமல், வேறு குறையேதும் இன்றிப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பான்மையோர் பேசிச் சிரித்துப் பள்ளிக்குப் போகிறார்கள். சிலர் மிகவும் துன்பப்படுகிறார்கள். இரு சாராரின் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலும், எது எவருடையது என்று எந்த நிபுணராலும் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

பெற்றோர் கேட்பதோ எப்போதும் மூன்றாவது கேள்வியைத்தான். 'நீரறை எத்தனை மில்லிமீட்டர்' என்று எந்தத் தாயும் கேட்பதில்லை. 'என் பிள்ளை நடக்குமா, என்னை அம்மா என்று அழைக்குமா' என்றுதான் கேட்கிறாள். அவளுக்கு இரண்டாவது கேள்வியின் விடையை மூன்றாவதன் விடையைப் போலச் சொல்லிவிடுவதுதான் இத்துறையில் இன்று நிகழக்கூடிய மிகப் பெரிய பிழை என்று நமக்குத் தோன்றுகிறது. தெரிந்ததைத் தெரிந்தது என்றும், பெயரிட்டதைப் பெயர் மட்டுமே என்றும், அறிய முடியாததை அறிய முடியாதது என்றும் தனித்தனியே எடுத்துச் சொல்லும் மருத்துவர் கிடைத்தால் அந்தக் குடும்பம் பேறுபெற்றது. இரண்டாவது கருத்தைக் கேட்கவும், இரண்டு வாரம் பொறுத்து மீண்டும் பார்க்கவும் வழியிருந்தால் அது இன்னும் நல்லது.